சின்னப்பா பங்கிட்ட மருந்து

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் சின்னப்பாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். அந்த மனுஷனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பார். ரத்தம் வேண்டுமென்றால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார். கேட்காதவனுக்கும் போய் உதவி செய்துவிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். சுரங்கத்தை மூடும்வரை அண்டர்கிரவுண்ட் வேலை. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூரில் ஒரு அப்பார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி. இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார், மனைவி சுலோச்சனாவுக்காக.

சுலோச்சனாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கு இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் என்றார்கள். அந்த அவ்வளவுதான் எத்தனை பெரிய பாடு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கொடுத்த மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. விழுங்கினால் வாந்தி, விழுங்காவிட்டால் வலி. திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். உன்னை வலியில்லாமல் அனுப்பி வைப்பேன் என்று அவளிடம் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பெங்களூர் வேலைக்குப் போய்வரும் மகள் தென்றல்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அங்கே ஓர் ஆயுர்வேத டாக்டர் சுலோச்சனாவின் ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டைக் காட்டி வாங்கிய சின்னக் குப்பி வீட்டுக்கு வந்தது. கஞ்சா இலையிலிருந்து எடுத்த எண்ணெய் என்றதும் சின்னப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாம்மா இது? நம்ம இன்னா அந்த மாதிரி குடும்பமா?"

"டாக்டர் எழுதிக் குடுத்தா மருந்துப்பா. லைசென்ஸ் நம்பர், அம்மா பேரு எல்லாம் குப்பி மேலயே இருக்குது பாரு," என்றாள் தென்றல்.

நாக்குக்கு அடியில் சில சொட்டு. அந்த வாரமே சுலோச்சனா ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் இந்தப் பக்கம் திரும்பி, டிவியைப் போடச் சொன்னாள். சின்னப்பா புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் அழுதார்.

அத்தோடு நின்றிருந்தால் நல்லது. நிற்கிற ஆளா அவர்?

மரியகுழந்தை என்று அவருக்கு ஒரு சிநேகிதர். ஒரே ஷிப்டில், சுரங்கத்துக்குள் ஒரே கேஜில் இறங்கி ஏறியவர்கள். மரியகுழந்தை இப்போது பேத்தமங்களாவில் மகள் வீட்டில் படுத்துக் கிடந்தார். முதுகுத்தண்டில் கட்டி. பார்க்கப்போன சின்னப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், என்னை எதுனா பண்ணி முடிச்சிட்டுப் போடா," என்றார். அப்படிக் கேட்ட பிறகு வீட்டுக்கு வந்து யாருக்குச் சோறு இறங்கும்?

சுரங்க ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் மருந்துக்குப் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் மிக்சரை ஊற்றித் தருவார். ஒரு வீட்டுக்கு மருந்து வந்தால் அதே இருமல் உள்ள பக்கத்து வீட்டுக்காரர்களும் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதற்கு யாரும் தப்புச் சொன்னதில்லை. கம்பவுண்டர் ஒன்றுக்குத்தான் கத்துவார், பாட்டிலில் பழைய லேபிள் ஒட்டியிருந்தால். ஒரு மருந்து பேரைப் பார்த்து வேறு மருந்தைக் குடித்துத் தொலைப்பீர்கள், சுரண்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அது லைன் ஜனங்களுக்கு ரத்தத்திலேயே ஊறிப்போனது.

சின்னப்பா ஒரு காலி இருமல் மருந்துக் குப்பியை வெந்நீரில் போட்டு, லேபிளைத் துளிகூட இல்லாமல் சுரண்டி, துடைத்துக் காயவைத்தார். சுலோச்சனா தூங்கும்போது அவள் எண்ணெயில் பாதியை அதில் ஊற்றினார். மீதியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

ஆந்திரா பக்கமிருந்து கஞ்சா வருகிறது என்று போலீசுக்குத் தகவல். பேத்தமங்களாவில் போகிற பஸ், வருகிற பஸ் எல்லாவற்றையும் நிறுத்திப் பையைத் துழாவினார்கள். குப்பியைத் திறந்து மோந்து பார்த்த சப்-இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் விசாரித்தார். சின்னப்பாவுக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. ஒன்றைக்கூட மறைக்காமல் பதில் சொன்னார்.

"இது என்ன?"

"கஞ்சா எண்ணெய் சார். வலிக்கு மருந்து."

"யாருடையது?"

"என் சம்சாரத்தோடது."

"அப்போ நீ எங்கே எடுத்துக்கொண்டு போகிறாய்?"

"சிநேகிதனுக்குக் குடுக்க."

"அவனுக்கு டாக்டர் சீட்டு இருக்கிறதா?"

"இல்ல சார்."

"லேபிள் எங்கே?"

"நான்தான் சுரண்டினேன் சார். சுத்தமா."

பாவி மனுஷன், அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

அங்கேயே அவரைக் கைது செய்தார்கள். அன்று மாலையே போலீஸ் ஜீப் சாம்பியன் ரீப்ஸ் வந்தது. தலைமாட்டிலிருந்த குப்பியையும் டாக்டர் சீட்டையும் உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். இரண்டும் ஒரே சரக்கா என்று லேபுக்குப் போக வேண்டுமாம். சுலோச்சனா எழுந்து உட்காரப் பார்த்து முடியாமல், "சார், அதை மட்டும் விட்டுட்டுப் போங்க சார்," என்றாள். அந்தப் போலீஸ்காரர் நல்லவர்தான். தலையைக் குனிந்துகொண்டே எடுத்துப்போனார்.

ராபர்ட்சன்பேட்டையில் வக்கீல் ரவிகுமார், தென்றலை உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"உத்தரகாண்டில லைசென்ஸ் வாங்கினா இந்தச் செடியப் பயிரே வைக்கலாம்மா. இங்க வேலி ஓரமா ஒண்ணு நின்னாலே கேஸு. இலையில எடுத்தா மருந்து, பூவுல எடுத்தா கஞ்சா. கண்ணால பாத்து எவனுக்கும் தெரியாது. அந்த லேபிளும் சீட்டும் இருந்தாத்தான் சட்டத்துக்கு அது மருந்து. உங்கப்பா அதையும் சுரண்டிட்டு, கொண்டுபோய்க் குடுக்கறேன்னு வாயாலயே ஒத்துக்கினாரு. நான் இன்னா பண்றது?"

"லேப் ரிப்போர்ட்டு எப்ப சார் வரும்?"

"மாசக்கணக்காவும்."

"அம்மாவுக்கு அவ்ளோ நாள் இல்ல சார்," என்றாள் தென்றல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தென்றல் ஆயுர்வேத டாக்டரிடம் ஓடினாள். கேஸ் நடக்கும்போது புதுச் சீட்டு எழுதினால் என் லைசென்ஸே போய்விடும் என்று கும்பிட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. யாரையும்தான் குறை சொல்ல முடியவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மறுபடி அந்த மாத்திரை, மறுபடி வாந்தி. சுலோச்சனாவின் சத்தம் லைன் கடைசி வீடுவரை கேட்டது. பக்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்குக் கேட்காமலிருக்க டிவியைச் சத்தமாக வைத்தார்கள்.

ஜாமீன் கிடைத்துச் சின்னப்பா வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் கிடந்தவள் பாதியாகிவிட்டிருந்தாள். உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியிருந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"அவன் துடிச்சதப் பாத்துட்டு சும்மா வர முடியல சுலோ."

"அது என் மருந்துயா," என்றாள் சுலோச்சனா. கோபமில்லை, அதற்குத் தெம்பில்லை. "எடுக்கறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ தூங்கிக்கினு இருந்த."

"எழுப்பறதுக்கு இன்னா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். ஊருக்கெல்லாம் செஞ்ச. என்னைத்தான் கேக்கல."

வாழ்நாளெல்லாம் நல்லவர் என்று பேர் வாங்கிய மனுஷன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார். அதற்குள் அவள் முகம் கோணிக்கொண்டது. உடம்பு விறைத்தது. வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள்.

"வெளிய போய் நில்லுயா," என்றாள் பல்லுக்கு நடுவில். "நீ பாத்துக்கினு இருந்தா என்னால வாயத் தொறந்து கத்த முடியல."

சின்னப்பா எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.