மீன்பல்லியோடு தாயில்பட்டிக்குப் போன நாள்

சிவகாசிப் பக்கம் போகப் போகிறோம், என்ன பார்க்கலாம் என்று இரண்டு பேர் இந்த வலைப்பூவில் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலாகப் போனது 1963 சித்திரையில். ஊர் பார்க்க அல்ல, சண்டை போட. அந்தக் கதையைச் சொன்னால் வழி விவரமும் அதிலேயே வந்துவிடும்.

அப்போது நான் மதுரையில் அறிவியல் ஆசிரியை. வகுப்பறைச் சுவரில் மாட்டும் பெரிய படம் ஒன்றை ஒரு பதிப்பகத்துக்காகத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அழிந்துபோன பன்னிரண்டு விலங்குகள், எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர். அதில் ஒன்று இக்தியோசார். டைனோசார்கள் தரையில் திரிந்த காலத்தில் கடலில் வாழ்ந்த ஊர்வன வகை. அந்தச் சொல் கிரேக்கம். முன்பாதிக்கு மீன் என்று பொருள், பின்பாதிக்குப் பல்லி. மூன்று மாதம் அகராதியும் கையுமாக இருந்து 'மீன்பல்லி' என்று வைத்தேன். மற்ற பதினொன்றையும் விட இதன் மேல்தான் எனக்குக் கர்வம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லிவைத்திருந்தேன்.

படத்தை அச்சடிக்கவிருந்த சிவகாசி அச்சகத்திலிருந்து கார்டு வந்தது. 'மீன்பல்லி பேர் சரிவராது. வேறு பேர் அனுப்பவும். திங்கட்கிழமை முதல் தீபாவளி லேபிள் வேலை. பிறகு ஐப்பசி வரை வேறு எதையும் தொட முடியாது.' ஜூனில் பள்ளிக்கூடம் திறக்குமுன் படம் வர வேண்டும். நான் உண்டாக்கிய சொல்லைக் காப்பாற்ற ஒரே ஒரு சனிக்கிழமை இருந்தது. கார்டைக் கைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை 6.40க்கு மதுரையில் ரயில். விருதுநகர் இருபத்தேழு மைல். அங்கே இறங்கித் தென்காசி வண்டிக்கு மாற வேண்டும். கூட்ஸ் கொட்டகையில் மிளகாய் வற்றல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெடி தாங்காமல் பிளாட்பாரம் முழுக்கத் தும்மியது, என்னைச் சேர்த்து. அங்கிருந்து சிவகாசி இன்னும் பதினாறு மைல். இறங்கும்போது 9.20. மூன்றாம் வகுப்பு, மொத்தம் ஒன்றேகால் ரூபாய்.

கார்டு எழுதியவர் செல்லையா, அச்சகத்தின் லேபிள் ஓவியர். முப்பது வயது இருக்கும், விரல் நகமெல்லாம் மை. நான் கத்தி முடிக்கும் வரை பொறுமையாக நின்றார். பிறகு அவர்கள் வழக்கத்தைச் சொன்னார். தீப்பெட்டியோ பட்டாசோ, வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. கிளி மார்க், யானை மார்க் என்று படத்தைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அதனால் புது லேபிள் வரைந்ததும், பெயர் போடாமல் வேலையாட்கள் நாலு பேரிடம் காட்டுவார்கள். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் பெயர். என் இக்தியோசாரையும் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அத்தனை பேரும் மீன் என்றார்களாம்.

"பல்லின்னு ஒருத்தரும் சொல்லல டீச்சர்," என்றார்.

அறிவியலை ஓட்டுப் போட்டா முடிவு செய்வது என்று எகிறினேன். அப்படியானால் நீங்களே வந்து அவர்களிடம் சொல்லுங்கள் என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

பதினொரு மணி பஸ்ஸில் இருவரும் ஏறினோம். தாயில்பட்டி பத்து மைல், இருபத்தைந்து காசு. கரிசல் காட்டுப் புழுதி ஜன்னல் வழியாக வந்து மடியில் உட்கார்ந்தது. பட்டாசுக் கம்பெனியின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். செல்லையாவுக்குச் சொந்தக்கார அக்கா மாரியம்மாள் நடுவில் இருந்தார். சாப்பிட்டீகளா என்றுதான் முதலில் கேட்டார்.

படத்தை விரித்து வகுப்பு எடுத்தேன். இது மீன் இல்லை. தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விட்டது. முட்டை இடாமல் கடலிலேயே குட்டி போட்டது. அவர்கள் கை குழாய் சுற்றுவதை நிறுத்தவில்லை, காது மட்டும் என்னிடம் இருந்தது.

"அப்ப பல்லியா?" என்றார் மாரியம்மாள்.

இல்லை, பல்லி இனமும் இல்லை என்றேன். உண்மையைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"மீனும் இல்ல, பல்லியும் இல்லேங்கீக. ரெண்டு பொய்யச் சேத்து ஒரு பேரா?"

வெள்ளைக்காரன் அப்படித்தான் வைத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது. தெரியாமல் வைத்த பெயரை, தெரிந்துகொண்டே தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று மாதத்தில் ஒருநாளும் இது உறைக்கவில்லை. அது இருந்த காலத்தில் மனிதர்கள் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. இல்லை என்றேன்.

"கூப்புட ஆளே இல்லாம அம்புட்டு நாள் இருந்திருக்கு. பேருக்கு என்னத்துக்கு இப்ப சண்டை? குட்டி போட்டதப் படத்துல காட்டுங்க, பிள்ளைக புரிஞ்சுக்கிரும்."

செல்லையா அங்கேயே பென்சிலை எடுத்தார். மூக்கைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார், பக்கத்தில் ஒரு குட்டியைப் போட்டார். கொஞ்சம் தள்ளி ஒரு கொட்டகையில், என் பாடத்தைக் கேட்காத பெண்களிடம் காட்டினோம். ஒருத்தி ஓங்கல் என்றாள், டால்பினைத்தான் அப்படிச் சொன்னாள்; ஒருத்தி முதலை என்றாள். மீன் என்று யாரும் சொல்லவில்லை. பல்லி என்றும் சொல்லவில்லை. செல்லையா என்னைப் பார்த்தார். நான் என்ன எழுதிக் கொடுத்தாலும் அச்சடித்துவிடுகிறேன் என்றார். மீன்பல்லியை நானே கோடு போட்டு அடித்தேன். கண் கலங்கியது, மறைக்கவில்லை. கீழே எழுதிக் கொடுத்தது இதுதான்: 'இக்தியோசார். மீனுமில்லை, பல்லியுமில்லை. மூச்சு விட மேலே வரும், கடலிலேயே குட்டி போடும்.' பன்னிரண்டில் அது ஒன்றுக்குத்தான் தமிழ்ப் பெயர் இல்லை. ஆனால் அந்த ஜூனில் பிள்ளைகள் நின்று பார்த்ததும் அதன் முன்னால்தான்.

போகிறவர்களுக்கு: சித்திரை வெயிலில் வேண்டாம், மார்கழியில் போங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிப் பக்கம் போனால் தீப்பெட்டி, பீடி எதுவும் கையில் கூடாது, அனுமதி கேட்காமல் உள்ளே கால் வைக்கவும் கூடாது. சாப்பிடச் சொன்னால் மறுக்காதீர்கள்.

இப்போதும் எங்காவது அச்சில் 'மீன்பல்லி' என்று பார்க்கிறேன். எழுதியவர் தாயில்பட்டிப் பக்கம் போனதில்லை என்று தெரிந்துகொள்வேன்.