கை நனைக்காத விருந்தாளி

சென்னையில் நான் வேலை பார்த்த ஏற்றுமதி கம்பெனியில் என் பதவிக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். உண்மையில் நான் செய்தது, வெளியூரிலிருந்து வரும் வாடிக்கையாளர்களை எந்த ஓட்டலுக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்யும் வேலை. சிரிக்க வேண்டாம். அதில் நான் கெட்டிக்காரி.

குஜராத்திலிருந்து வருபவர் என்றால், கேட்காமலே வந்து பரிமாறிக்கொண்டே இருக்கும் 'தாலி' சாப்பாட்டுக் கடை. டெல்லிக்காரருக்குக் கடல் தெரியும் ஓட்டல். சாப்பாடு சுமாராக இருந்தாலும் அவர் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். கோயம்புத்தூர்க்காரரைக் கொங்குச் சமையல் என்று பலகை போட்ட இடத்துக்கு மட்டும் அழைத்துப் போகக் கூடாது. ஒவ்வொரு வாய்க்கும் தன் வீட்டுச் சமையலை இழுத்துப் பேசுவார். ஏசிக் காற்று நேராக மண்டையில் விழும் மேஜை ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், விருந்தாளி என்ன சாப்பிடுவார் என்பதை அவரிடம் கேட்கக் கூடாது, அவரை அழைத்து வந்த டிரைவரிடம் கேட்க வேண்டும். டிரைவருக்கு முதலில் சாப்பாடு போட்டுவிட்டால் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

இத்தனை செய்தும், வயிறு முட்டச் சாப்பிட்டு, பீடாவும் போட்டுக்கொண்டு, "மெயில் அனுப்பறேன்" என்று போனவர்கள் ஏராளம். மெயில் வராது. அங்கே சாப்பாட்டுக்கும் சம்மதத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கு அது பழகிப் போயிருந்தது.

கணவர் கால்நடை மருத்துவர். அவருக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது, கொஞ்ச நாள் நல்ல காற்று வாங்கலாம் என்று நானும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். காற்றை எத்தனை நாள்தான் வாங்குவது? மலைமேல் இருக்கும் செம்மேட்டில் மிளகு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சிறு கம்பெனிக்கு ஒரு மேலாளர் தேவைப்பட்டார். போய்ச் சேர்ந்தேன்.

அதன் தலைவர் மலையிலேயே திருப்புலி நாடு என்ற பகுதியைச் சேர்ந்த விவசாயி, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. நான் அக்கா என்பேன்; அவர் என்னைக் கண்ணு என்பார், கோபமோ கவலையோ வந்தால் சாமி என்பார். அந்த வருஷம் அக்கா ஒரு துணிச்சலான காரியம் செய்திருந்தார். மலைக்கு லாரி கொண்டுவரும் வியாபாரிகளிடம் யாரும் மிளகைக் கொடுக்க வேண்டாம், கம்பெனி கிடங்கில் போடுங்கள், பெரிய இடத்து ஆளை வரவழைத்து நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தார். ஜனங்கள் அவர் முகத்துக்காகக் கொடுத்தார்கள். கிடங்கு நிறைந்துவிட்டது. கொடுத்தவர்களில் ஒருவர் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மிளகு போகாவிட்டால் அக்கா அந்த ஊர்களில் தலைகாட்ட முடியாது. இதை அவர் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்குத் தெரியாமலும் இல்லை.

பெரிய இடத்து ஆளைப் பிடிப்பது என் பொறுப்பு. சென்னையிலுள்ள ஒரு மசாலாக் கம்பெனியின் கொள்முதல் மேலாளரை இரண்டு மாதம் விடாமல் போனில் நச்சரித்து, வந்து பார்க்கச் சம்மதிக்க வைத்தேன். மனிதர் தேதி சொன்னதும், என் பழைய மூளை சுறுசுறுப்பாகிவிட்டது: எங்கே சாப்பிட வைப்பது?

செம்மேட்டில் சென்னைபோல ஓட்டலா கொட்டிக் கிடக்கிறது? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் எதிர் நாற்காலியில் யாராவது உட்கார்ந்து நம் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு இடையில் ஒரு யோசனையும் சொல்வார். இன்னொன்று சுற்றுலா விடுதியின் சாப்பாட்டுக்கூடம். கண்ணாடிச் சுவர், கீழே பள்ளத்தாக்கு, துணி விரித்த மேஜை. சப்பாத்தி அட்டைபோல இருக்கும். நான் டெல்லிக்காரரின் கடலை நினைத்துக்கொண்டேன்.

"ஊட்டுல ஆக்கிப் போடட்டுமா கண்ணு?" என்று கேட்டார் அக்கா.

"வேண்டாங்கா. கம்பெனி ஆளுங்களை வீட்டுக்குக் கூப்பிடற பழக்கம் இல்லை. விடுதியிலேயே வெச்சுக்கலாம்."

"நீ பாத்துச் செஞ்சா சரி" என்றார். அந்தக் குரலில் சரி என்பது இல்லை.

அந்த மனிதர் பதினொரு மணி வாக்கில் வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிறிய முகத்தோடு, வாயைப் பொத்திக்கொண்டுதான் இறங்குவார்கள். இவர் நிதானமாக இறங்கி எல்லோரையும் கும்பிட்டார். நான் நேராகக் கண்ணாடிச் சுவருக்கு அழைத்துப் போனேன். அக்கா புதுச்சேலை கட்டி வந்திருந்தார். மேஜைத் துணியில் கை படாமல் நாற்காலி நுனியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தார்.

சாதம் வந்தது, குருமா வந்தது, அட்டையும் வந்தது. விருந்தாளி தட்டைத் தொடவில்லை.

"மலை ஏறினதுல வயிறு ஒரு மாதிரி இருக்குங்க. நீங்க சாப்பிடுங்க" என்றார்.

எலுமிச்சை ஜூஸ் சொன்னேன். தொடவில்லை. மோர் சொன்னேன். வேண்டாமென்று கையை மெல்ல ஆட்டினார். தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அந்தத் தண்ணீரையே குடித்தார். நான் பள்ளத்தாக்கைக் காட்டினேன். "அருமையா இருக்குங்க" என்று பார்த்தார். பார்த்தாரே தவிர, சாப்பிடவில்லை. அக்கா அவரையே கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கும் பசியில்லை" என்றார்.

கை கழுவும் இடத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கை நனைக்க மாட்டேங்கறாரே சாமி."

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் ஒத்துவராது என்று மனதில் பட்டுவிட்டால் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். கை நனைத்தால் உறவு என்று அர்த்தம். ஏதாவது காரணம் சொல்லி, தண்ணீர்கூடத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். சேலத்தில் பிறந்த எனக்கும் இது தெரியும். ஆனால் இது மிளகு.

"அக்கா, அவருக்கு வயித்தைப் புரட்டுது. எழுபது வளைவு. உங்களுக்குப் பழக்கம், அவருக்கு இல்லை. பொண்ணு பார்க்கவா வந்திருக்காரு?"

"நீ சொன்னாச் சரி" என்றார் மறுபடியும்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு மாத உழைப்பை ஒரு மோர் டம்ளரை வைத்து அளக்கிறாரே என்று.

கிடங்கு அக்காவின் வீட்டையொட்டி இருக்கிறது. அங்கே போனதும் விருந்தாளி மூட்டைகளை அவிழ்க்கச் சொன்னார், மிளகை உள்ளங்கையில் வைத்து உருட்டினார், ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "நல்ல சரக்கு" என்றார். "ரொம்ப நல்லாக் காய வெச்சிருக்கீங்க." அக்காவைப் பார்த்து வென்றுவிட்டதுபோல் புருவத்தை உயர்த்தினேன். மனிதர் மிளகைத் திரும்ப மூட்டையில் போட்டார், கையைத் தட்டினார். விலை கேட்பார் என்று காத்திருந்தேன். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் கேட்டார்.

பொறுமையிழந்து வெளியே வந்தேன். கார் பக்கத்தில் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். விடுதியில் அவருக்கு நன்றாகவே சாப்பாடு போடச் சொல்லியிருந்தேன்.

"ஐயாவுக்கு வழியில ரொம்பச் சிரமமா இருந்துதா? வாந்தி எடுத்தாரா?"

"வாந்தியா? அடிவாரத்துல கண்ணை மூடுனவரு, செம்மேடு வந்தப்புறம் நான்தான் எழுப்பினேன் மேடம்" என்றார் டிரைவர். "ஆனா காலையில ஒரு காப்பியோட வந்தவரு. இந்நேரத்துக்குப் பசி உசுரு போகணுமே. எப்பவும் டயத்துக்குச் சாப்பிடறவரு."

பசியோடு இருக்கிறார், வயிறும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் எங்களிடத்தில் சாப்பிட மாட்டேன் என்கிறார். சென்னையில் சாப்பிட்டு ஏமாற்றியவர்களைக் கண்டு பழகிய எனக்குச் சாப்பிடாதவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரும்பிப் போனபோது அவர் கிளம்பத் தயாராக நின்றிருந்தார். "இருட்டறதுக்குள்ள இறங்கிடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கிடங்குக் கதவைப் பூட்டிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? இந்த மிளகை நீங்க வாங்கப் போறதில்லை. அப்படித்தானுங்க?"

நான் பதறி, "அக்கா!" என்றேன். எந்த வாடிக்கையாளரையும் இப்படி நேருக்கு நேர் கேட்டதை நான் கண்டதில்லை. கண்ணாடிச் சுவரும் மேஜைத் துணியும் இதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தானே.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமாங்க" என்றார். "எங்க கம்பெனியில போன வாரமே வேற எடத்துல பேசி முடிச்சுட்டாங்க. இந்த மேடம் ரெண்டு மாசமாக் கூப்பிட்டுட்டே இருந்தாங்க. போன்ல சொல்ல மனசு வரலை. நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்னுதான் வந்தேன். வந்து இந்தச் சரக்கையும் உங்களையும் பாத்த பொறவு வாய் வரலீங்க." பேச்சு முழுக்கவே கொங்குப் பேச்சாக மாறிவிட்டிருந்தது. "எனக்குக் காங்கேயம் பக்கமுங்க. இல்லைன்னு சொல்ல வந்த எடத்துல கை நனைக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லி வளத்தாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போன வாரமே முடிந்ததை இன்று வந்து, மத்தியானம் முழுக்க மிளகை உருட்டிப் பார்த்து! வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அவர் மூட்டைகள் இருந்த பக்கமே திரும்பவில்லை. கையிலிருந்த கிடங்குச் சாவியைப் பிடித்தபடியே நின்றார். அந்தக் கல்யாண வீடு அவர் மனதில் ஓடியிருக்கும். என் மனதில் அதுதான் ஓடியது.

பிறகு அக்கா நிமிர்ந்தார்.

"சரிங்க. சொல்லிட்டீங்க. அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு. இப்பச் சாப்புடலாமில்லீங்க?"

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"யாவாரப் பேச்சு இருக்கறப்பத்தானே கை நனைக்கக் கூடாது? இப்பத்தான் ஒண்ணும் இல்லையே. காலையில இருந்து பட்டினியா இருக்கீங்க. எங்க ஊட்டு வாசலுக்கு வந்தவரு பசியோட எழுபது வளைவு எறங்கப்படாதுங்க. உள்ள வாங்க."

நான் வேண்டாமென்று சொல்லியும் அக்கா விடியற்காலையிலேயே சமைத்து வைத்திருந்தார். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம். பாயை விரித்தோம். கொள்முதல் மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டாயிற்று என்ற டிரைவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். முதல் வாய் உள்ளே போனதும் விருந்தாளி கண்ணை மூடிக்கொண்டார். பசித்த மனிதர் சாப்பிடுவதைப் பார்ப்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. அவர்மேல் எனக்கிருந்த கோபம் எப்போது போனதென்றே தெரியவில்லை. ரசத்தை நானே எடுத்து வந்து ஊற்றினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்களைச் சாப்பிட வைத்திருக்கிறேன், ஒருவருக்கும் என் கையால் பரிமாறியதில்லை.

இரண்டாம் முறை சோறு போட அக்கா குனிந்தபோது அவர் தலையை நிமிர்த்தினார்.

"அம்மா, எனக்குத் தெரிஞ்ச ரெண்டு கம்பெனி இருக்குங்க. நான் வேணா அவங்ககிட்ட உங்க சரக்கைப் பத்தி…"

"சோத்துல கை வெச்சுட்டு யாவாரம் பேசப்படாதுங்க" என்றார் அக்கா. "ஊருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க சாப்புடுங்க சாமி."

குரல் திடமாகத்தான் இருந்தது. கரண்டி மட்டும் தட்டைவிட்டு விலகிச் சாய்ந்தது. சோறு கொஞ்சம் பாயில் சிந்தியது. விருந்தாளியும் அதைப் பார்த்தார். தட்டை இரண்டு கையாலும் எடுத்து, கரண்டிக்கு நேராக உயர்த்திப் பிடித்தார்.