தொட்டுப் பார்க்காத தொடை

மூட்டு அசையாமலே தசை இறுகி விசை தரும் என்பது விதி. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மூட்டு அறுவைக்குப் பின், குற்றாலச் சாரல் தொடங்குவதற்குள் நடந்துவிடும் ஆசையில், மனைவி முழங்காலுக்கு அடியில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கால் அசையவில்லை.

“சும்மா கெடந்துட்டு பயிற்சிங்குதியே” என்றேன்.

“ஈசிசேர்ல கெடக்கவுகளுக்கு எங்க தெரியும்? தொடையத் தொட்டுப் பாருங்க.”

கையை நீட்டியிருந்தால் போதும். எதையும் எழுத்தில் கேட்டே பழகியவன் நான். வைகாசியில் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் விளக்கம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிறுத்திவைக்கச் சொன்னேன். அவளும் நிறுத்தினாள். தொடை மெலிந்தது. எங்கள் ஊர் மேலகரம் வரைக்கும் சாரல் வந்தது. அவளால் வாசற்படி இறங்க முடியவில்லை.

“அசையாது. இறுகினால் போதும். நிறுத்தவே கூடாது” என்ற பதில் ஆடி முதல் தேதி வந்தது.