நட்சத்திர மொய்

கீரமங்கலத்து அழகுமலை அச்சில் நான்கு நாவல் போட்டவர். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை கையில் ஒரு பிரதியைத் திணித்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார். வாங்கியவர்கள் எல்லாரும் "பிரமாதம்ங்க" என்றார்கள். அச்சுப் புத்தகத்தில் அது ஒரு வசதி. பிரித்தார்களா இல்லையா என்று எழுதியவருக்குத் தெரியவே தெரியாது.

காகித விலை எட்டாமல் போனதும் இணையத்துக்கு வந்தார். மனைவி புவனேஸ்வரி ஒரு கதைச் செயலியை இறக்கிக் கொடுத்தாள். ஐந்தாவது நாவல் அத்தியாயம் அத்தியாயமாக ஏறியது. கடைசி அத்தியாயத்தை எழுதும்போது அவரே அழுதார். அதைப் படித்து இன்னொருவராவது அழவேண்டும் என்பதுதான் அவருடைய ஆயுள்கால ஆசை. சிரிக்காதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் அந்த மனுஷன் நிஜமாகவே பாவம்.

ஆனால் மொய் விருந்து வைக்கிற ஊர்க்காரருக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்? ஒருவர் விருந்தில் நாம் மொய் வைத்தால் நம் விருந்தில் அவர் வைப்பார். அதே கணக்கில், செயலியிலிருந்த எழுத்தாளர்கள் அத்தனை பேருக்கும் ஐந்து நட்சத்திரமும் ஓர் 'அருமை'யும் வைத்துவிட்டு வந்தார். படிக்கவெல்லாம் இல்லை. மொய் எழுதப் போகிறவன் விருந்து எதற்கென்றா கேட்பான்? அவர்களும் முறை தவறாமல் திருப்பிச் செய்தார்கள்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்த நேரம் பார்த்து ஜெகதாப்பட்டினத்திலிருந்து சொர்ணம் என்ற பெண் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினாள்: "ரெண்டாவது அத்தியாயத்துல செத்துப்போன மாமியா, அஞ்சாவதுல மீன் கொழம்பு வைக்கிறாங்களே, எப்புடிங்க?"

"இவளுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? விருந்துக்கு வந்துட்டு எலையில மண்ண அள்ளிப் போடுறா!" என்று குதித்தார் அழகுமலை. அந்தக் கையோடு, இனி தன் கதையைத் திறக்கவே முடியாதபடி அவளை பிளாக் செய்தார்.

பிறகு கடைசி அத்தியாயம் ஏறியது. நட்சத்திரங்கள் கொட்டின. பூரித்துப்போய்க் கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார். அவர் இதுவரை தொடாத ஒரு மூலையை அவள் தட்டினாள்.

"இங்கிட்டுப் பாருங்க, முழுசாப் படிச்சவங்கன்னு தனியா போட்டிருக்கு. எல்லா அத்தியாயத்துக்கும் ஒண்ணு. கடைசிக்கு மட்டும் சைபர்."

"அந்த ஒண்ணு நீயா?"

"நானா? ஒங்களோட குடும்பம் நடத்துறது பத்தாதா?"

அழகுமலை கைப்பேசியைத் திரும்ப வாங்கி, சொர்ணத்தின் பெயரைத் தேடினார்.

"பிளாக் பண்ணவள எப்புடித் திரும்பக் கூப்புடுறது?"

"எதுக்கு, சண்ட போடவா?"

"இல்ல. மீன் கொழம்ப மருமகளே வச்சதா மாத்திட்டேன்னு சொல்லணும்."