மழை பெய்தால் மணி அடிக்கும் வீடு

ஆற்று நீரளவு அலுவலகத்தில் அவளைக் கேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புது லேப்டாப்பில் அளவுக் கருவிகளின் பழைய சீரியல் கேபிளைச் செருக இடமில்லையே என்று மற்றவர்கள் கையைப் பிசைந்தபோது, இரண்டையும் சேர்க்கும் இணைப்பான் ஒன்றைத் தானே வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டவள்.

"நகையைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கமாட்டாங்க" என்பார் ஜீப் ஓட்டுநர்.

"நகை இருந்தா தானேப்பா."

அவளுடைய தம்பிக்கும் அங்கேதான் வேலை. ஆற்றின் மேட்டுக்கரை அறையில், நீரளவைப் பதிவுசெய்யும் லாகரை வைத்தது அவன். ஆறு அபாயக் குறியைத் தாண்டினால் லாகர் மோடத்தை எழுப்பும். மோடம் டெலிபோன் கம்பி வழியாக அலுவலகக் கணினியைக் கூப்பிடும். வைத்துவிட்டு வந்த மறுநாள், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அதன்பின் அந்த அறையிலிருந்து அழைப்பே இல்லை. கம்பி அறுந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அந்த மழைக்காலத்தில் ஆறு சொல்லாமல் கொள்ளாமல் கீழ்த்தெருவுக்குள் புகுந்தது.

தம்பி மனைவி தனியாக இருந்தாள். வீட்டு போனில் தானாக யாரையும் கூப்பிடாதவள். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணி, சிரிக்கக் கூடாது. பெருமழை பெஞ்சா அவர் கூப்பிடுறார்."

"யாரு?"

"எடுத்தா ஊய்ன்னு ஒரு சத்தம். அப்புறம் மூச்சு இரைக்கிற மாதிரி. நான் பேசுவேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு வச்சிடுவார்."

 அந்த ஊய் கேபிள் அக்கா வாழ்நாளெல்லாம் கேட்ட மோடத்தின் சத்தம்.

மறுநாளே மேட்டுக்கரைக்குப் போனாள். ஈரவாடை அடித்த அறையில், மோடத்தின் கேபிளை லாகரிலிருந்து கழற்றி லேப்டாப்பில் மாட்டினாள். அது கூப்பிட வேண்டிய எண்ணைத் திரையில் காட்டச் சொன்னாள். தம்பி வீட்டு எண் வந்தது. மணி அடிக்கிறதா என்று சோதிக்கத் தன் வீட்டு எண்ணைப் போட்டிருக்கிறான். மாற்ற நாள் கிடைக்கவில்லை. அவளுக்கும் அங்கேயே மாற்றக் கை வரவில்லை. திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"மாத்தலைன்னா, அண்ணி?"

"அடுத்த வெள்ளமும் உனக்கு மட்டும்தான் தெரியும். கீழ்த்தெருவுக்குத் தெரியாது."

தம்பி மனைவி போனை முந்தானையால் துடைத்தாள். "மாத்திடுங்க. என்னைக்குன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க."

கேபிள் அக்கா அதை அலுவலக எண்ணாக மாற்றினாள். லாகரோடு கேபிளை மறுபடி இணைத்து, இழுத்துப் பார்த்து, பூட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த பெருமழை பட்டப்பகலில் வந்தது. அலுவலக மோடம் ஊய் என்றது. ஆற்றின் அளவுகள் திரையில் இறங்கத் தொடங்கின. கீழ்த்தெருவுக்கு ஜீப் பறந்தது.

தனியாக இருப்பாளே என்று கேபிள் அக்கா இன்னொரு லைனில் தம்பி வீட்டுக்கு போன் போட்டாள்.

எங்கேஜ்டு.

தப்பாக அழுத்திவிட்டோமோ என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து மறுபடி போட்டாள்.

எங்கேஜ்டு.

மேட்டுக்கரை மோடம் இன்னும் அலுவலகத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தது. எண்கள் நிற்காமல் வந்தன. ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள். மழை விடும்வரை அந்த வீட்டுக்கு அவள் மறுபடி போன் போடவில்லை.