சிவப்பு தெரியக் கூடாது

கும்மிடிப்பூண்டியில் நான் பெயிண்ட் அடித்த பட்டறையில் இருந்தவை இரண்டே நிறங்கள். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் ரெட் ஆக்சைடு, செங்கல் பொடியைக் கரைத்தது மாதிரி ஒரு சிவப்பு. அது காய்ந்ததும் மேலே சாம்பல் நிறம். சாம்பலுக்கு நடுவே நூலளவு சிவப்பு தெரிந்தாலும், சரிபார்க்க வருகிறவர் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கோ அந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்தான் ஆசை. ஒன்றில் மூட்டை தூக்கிப் போகிற ஆள் இருப்பான். இன்னொன்றில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற பெண். இத்தனூண்டு சிவப்பு எப்படி ஆளாகத் தெரிகிறது என்று வேலையை விட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நிற்பேன். திட்டும் வாங்குவேன்.

வீட்டுக்கு வீடு கலர் டி.வி. வந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் வீட்டில் மட்டும் அதைப் போடுவதில்லை. ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனதிலிருந்து என் மனைவிக்கு எந்தச் சத்தமும் பிடிக்கவில்லை. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பிட்டாயா, தண்ணீர் வந்ததா, அதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். ஊரே வந்து அவளுக்கு ஆறுதல் சொன்னது. நான் வாயைத் திறந்தால் தண்ணீர் வந்ததா என்றுதான் கேட்க வந்தது. இப்படியே போனால் இரண்டு பேரும் ஊமையாகிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. பேச வராவிட்டால் வரைந்தாவது காட்டலாம் என்று நினைத்தேன்.

முதலில் தொட்டில் வரைந்தேன். காய்கறிக் கூடை மாதிரி வந்தது. அவள் முகத்தை வரைந்தேன், எனக்கே எரிச்சலாகிவிட்டது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பேப்பரில் இரண்டு கோடுகள் மட்டும் இழுத்தேன். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. புதுவாயலில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரரிடம் காட்டினேன்.

“இன்னா இது, கரண்டு கம்பமா?” என்றார்.

மறுநாள் கோடுகளை ஒட்டி வரைந்துகொண்டு போனேன். “புருசன் பொண்டாட்டியா? நல்லா ஒரசிக்கினு நிக்கிறாங்க” என்று சிரித்தார். விலக்கி வரைந்ததைக் காட்டினால், “சண்ட போட்டுக்கினாங்களா?” என்றார். கோடுகள் அதே கோடுகள்தான். நடுவில் விட்ட இடம்தான் கதையை மாற்றியது. எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. பஸ்ஸில் ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று வெறிக்க ஆரம்பித்து, ஒரு அம்மாவிடம் முறைப்புகூட வாங்கினேன்.

பிறகு ரொம்ப ஒட்டாமல், ரொம்ப விலகாமல், ஒரு சின்னப் பிள்ளை நிற்கிற அளவுக்கு இடம் விட்டு ஒன்று வரைந்தேன். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“நடுவுல யாரு?”

என் வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அன்றே பட்டறையில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்த ஒரு கழிவுத் தகட்டில் சாம்பல் நிறம் அடித்தேன். காய்ந்ததும் ரெட் ஆக்சைடைக் கெட்டியாக எடுத்து, பிரஷ்ஷால் அந்த இரண்டு கோடுகளையும் தடிமனாக இழுத்தேன். காயட்டும் என்று ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் தகடு முழுக்க ஒரே சாம்பல். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு பெயிண்ட் அடிக்கிற அண்ணன் எதிரில் சிரித்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு எடத்துல செவப்பு தெரிஞ்சிக்கினு இருந்திச்சி நைனா. நீ திட்டு வாங்குவியேன்னு நானே மேல சாம்பல் ஒரு கோட்டு அடிச்சி உட்டேன்.”

நல்ல மனுஷன். நல்லது செய்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? “சரிண்ணே” என்றேன். அன்று யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, வந்த ஆத்திரத்தில் கதவு மூலையில் போட்டேன்.

காலையில் தண்ணீர்க் குடத்தை மூடுவதற்கு என் மனைவி அதை எடுத்தாள். ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்து விழுந்த வெயிலில், சாம்பலுக்கு அடியில் இரண்டு கோடுகளும் புடைத்துத் தெரிந்தன.

“இது நாமளா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

நெட்டைக் கோட்டைத் தடவினாள், குட்டைக் கோட்டைத் தடவினாள். பிறகு விரலை நடுவில் வைத்தாள். அங்கே வழவழவென்று இருந்தது.

“இங்க ஒண்ணும் வரையலியா?”

“வரையத் தெரியல.”

“நான் பேரு கூட வெச்சிருந்தேன்” என்றாள்.

விரலை அங்கிருந்து எடுக்காமலே அந்தப் பேரைச் சொன்னாள். அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன். நானும் ஒருமுறை சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் நன்றாக அழுதோம்.