வளையம் இல்லாத மரம்

போன வாரம் பேத்தியோடு மரச்சாமான் கடைக்குப் போயிருந்தேன். அறுத்த மரத்துண்டு ஒன்றை அப்படியே மேசையாக்கி வைத்திருந்தார்கள். பேத்தி அதன் வளையங்களில் விரலை ஓட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள். கடை முழுக்க வார்னிஷ் வாசனை. எனக்கு மட்டும் எங்கிருந்தோ உப்புக் காற்று அடித்தது.

எழுபதுகளில் மரக்காணத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் வேலை. தாவரவியல் படித்தவள் என்ற மிதப்பு வேறு. பனந்தண்டின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்திருந்தேனே தவிர, ஒரு பனையின் அடியில் நின்றதில்லை. வந்த முதல் வாரமே பனைமட்டையின் கருக்கு என் நைலக்ஸ் புடவையைக் கிழித்து எனக்குப் பாடம் தொடங்கிவிட்டது.

மரத்தின் வயதை வளையம் எண்ணிச் சொல்லலாம் என்று ஒரு நாள் வகுப்பில் நடத்தினேன். வேப்பமரத்தைத்தான் சொன்னேன். ஸ்டெல்லா என்ற பெண் அதை அப்படியே வீட்டில் ஒப்பித்திருக்கிறாள். அவள் அப்பா சவரிமுத்துவுக்கும் சித்தப்பா சூசைக்கும் அடுத்தடுத்து உப்பளம். நடு வரப்பில் ஒரு பெண் பனை. அதன் நுங்குக்காகத் தொடங்கிய சண்டையில் அண்ணன் தம்பி பேச்சே நின்று, சர்ச்சில் ஒரே பூசைக்குப் போவதும் நின்றிருந்தது.

பாகம் பிரிக்குமுன் அவர்கள் அப்பா அந்த வரப்பில் பனங்கொட்டை புதைத்திருக்கிறார். அவர் நட்ட மரமெல்லாம் மூத்தவனுக்கு என்று பேச்சு. பிரிந்த பிறகு சூசையும் அங்கேயே புதைத்திருக்கிறார். எழுந்து நின்றதோ ஒரே மரம். பனை சாவகாசமான பிறவி. பல வருஷம் தரையோடு ஓலை மட்டும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது யார் போட்ட கொட்டை என்று யாருக்குத் தெரியும்? மரத்தின் வயது தெரிந்தால் அதுவும் தெரிந்துவிடும் என்று இரண்டு பேரும் நினைத்துவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஸ்டெல்லா மூச்சிரைக்க வந்தாள். "டீச்சர், அப்பா கூட்டினு வரச் சொன்னாரு. பனைய வெட்டப் போறாங்க. நீங்கதான் எண்ணிச் சொல்லணுமாம்."

ஓடினேன். யாருடைய மரம் என்று தெரிந்துகொள்ள மரத்தையே வெட்டிவிடுவது என்பதில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒரே கட்சி.

"பனையில வளையமே இருக்காதுங்க" என்றேன். "உள்ள நாருதான். வெட்டிட்டா வேம்பு மாதிரி திரும்பத் துளிர்க்காது. அதுக்கு உச்சியில ஒரே குருத்து."

"நீங்கதானே என் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?" என்றார் சவரிமுத்து.

"அது வேப்பமரத்துக்கு."

ஓலை உதிர்ந்த தழும்புகளையாவது எண்ணிப் பார்க்கலாம் என்று அடிமரத்தைத் தடவினேன். உப்புக் காற்று எல்லாவற்றையும் வழித்துவிட்டிருந்தது.

"டீச்சர் அண்ணன் பக்கம். உண்மை தெரிஞ்சிடும்னு பயப்படுறாங்க" என்று சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெட்டுங்கப்பா" என்றார் கோடாலியோடு நின்ற ஆட்களிடம்.

முதல் அடியில் கோடாலி எகிறியது. வெளிப்பக்கம் அவ்வளவு கெட்டி. மதியத்துக்குள் மரம் சாய்ந்தது. தூக்கணாங்குருவிக் கூடுகள் பாத்தித் தண்ணீரில் விழுந்து மிதந்தன.

வெட்டுவாயில் ஓரமெல்லாம் கறுப்பு வைரம்; உள்ளே மெத்தென்ற சோற்றுப் பகுதியில் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள். சவரிமுத்து குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். சூசையும் குனிந்து துண்டால் துடைத்துப் பார்த்தார். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் கிட்டத்தில் இருந்தன.

"ஒண்ணும் இல்லியேடா" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

சூசையின் மனைவி லூர்து அரிவாளோடு மரத்தின் தலைப்பக்கம் போனாள். மட்டைகளைக் கழித்து, உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று குருத்தை எடுத்தாள். முதல் துண்டை மூத்தார் சவரிமுத்துவிடம் நீட்டினாள்.

"தின்னுங்க மாமா. இந்த மரம் இனிமே வேற ஒண்ணும் குடுக்காது."

அவர் மென்றுகொண்டே அழுதார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. இளந்தேங்காய் போல இனித்தது. இனித்ததுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் பூசையில் சூசை அண்ணன் பக்கத்தில் வந்து முழங்காலிட்டார். மரத்தைப் பிளந்து இரண்டு வீட்டுக்கும் கூரைச் சட்டம் ஆக்கிக்கொண்டார்கள்.

போன வருஷம் மருமகன் காரில் அந்த வழியாகப் போனேன். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இரண்டு அளத்தையும் யாரோ வாங்கி ஒன்றாக்கிவிட்டார்கள். பனையோலை மூடிய உப்புக் குவியல்கள் இருந்த இடத்தில் நீல பிளாஸ்டிக் படபடத்தது. இது பெரியவருடையது, இது சின்னவருடையது என்று மருமகனுக்குக் காட்டக் கையை நீட்டினேன். நடு வரப்பு இல்லை, ஒரே தண்ணீர். நீட்டிய கையை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.